ஆல்ஃபிரட் நோபல்: வெடிமருந்தை அடக்கியவர், இதய மருந்தைத் தவிர்த்தவர்

ஆல்ஃபிரட் நோபல் என்ற பெயரைக் கேட்டவுடன் டைனமைட்டும், ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசுகளுமே நினைவுக்கு வரும். அந்த இரண்டுக்கும் மூலமாக இருந்தது நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற ஒரு திரவம். மலைகளைப் பிளக்கும் ஆற்றல் கொண்ட அதே பொருள், மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படும்போது மனித உடலின் இறுகிய தமனிகளைத் தளர்த்துகிறது. இன்று இதய பைபாஸ் அறுவை சிகிச்சையின்போது, மாற்றுப் பாதையாகப் பொருத்தப்படும் தமனி சுருங்கிவிடாமல் காக்கவும் அதுவே பயன்படுகிறது.

வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் பொருளோடு கழித்த நோபல், இறுதி ஆண்டுகளில் இதய நோயால் அவதிப்பட்டார். மருத்துவர்கள் அவருக்குப் பரிந்துரைத்ததும் நைட்ரோகிளிசரினையே. அதை உட்கொள்ள அவர் மறுத்தார் என்று, 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது குறிப்பிடப்பட்டது. அவர் ஏன் தயங்கினார், அவர் அறியாமல் போன உண்மை எது என்பதே அவரது வாழ்க்கையின் அதிகம் பேசப்படாத பகுதி.

வறுமையில் தொடங்கிய இளமை

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 1833ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஆல்ஃபிரட் பிறந்தார். தந்தை இம்மானுவேல் நோபல் கட்டடப் பொறியாளர், புதுமை விரும்பி. ஆனால் தொழிலில் நொடித்துப்போயிருந்தார். கடன்காரர்களின் நெருக்கடியால் 1837இல் அவர் நாட்டை விட்டு வெளியேறி, பின்லாந்து வழியாக ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை அடைந்தார். தாய் ஆண்ட்ரியெட் சிறிய மளிகைக் கடை நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஆல்ஃபிரட் அடிக்கடி நோய்வாய்ப்படும் குழந்தை. பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்ததும் மிகக் குறுகிய காலமே.

ரஷ்யாவில் தந்தையின் தொழில் தழைத்தது. ரஷ்ய ராணுவத்துக்கு இயந்திரங்களும் கடற்கண்ணி வெடிகளும் தயாரித்துக் கொடுத்த அவர், 1842இல் குடும்பத்தைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்து பாடம் கற்பித்தனர். 17 வயதுக்குள் ஸ்வீடிஷ், ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய ஐந்து மொழிகளில் ஆல்ஃபிரட் தேர்ச்சி பெற்றார். இலக்கியத்தில் நாட்டம் மிகுந்து கவிதைகளும் எழுதினார். மகன் கவிஞனாகிவிடக் கூடாது என்று கருதிய தந்தை, வேதியியல் பயிற்சிக்காக அவரை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைத்தார்.

பாரிஸ் நகரில் புகழ்பெற்ற வேதியியலாளர் பெலூஸின் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் பணியாற்றினார். அங்கு முன்னர் பயின்ற இத்தாலிய அறிஞர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847இல் டூரின் நகரில் நைட்ரோகிளிசரினை முதன்முதலாக உருவாக்கியிருந்தார். கிளிசரினை நைட்ரிக் அமிலத்தோடும் கந்தக அமிலத்தோடும் சேர்த்தபோது கிடைத்த அந்தத் திரவம், சிறு அதிர்ச்சியிலும் வெடித்துச் சிதறியது. அது நடைமுறைப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்றே சொப்ரேரோ கருதினார்.

சொப்ரேரோ பதிவு செய்த இன்னொரு குறிப்பும் உண்டு. அந்தத் திரவத்தில் மிகச் சிறிய அளவை நாக்கில் வைத்தாலே கடுமையான தலைவலி உண்டாகிறது என்பதே அது. வெடிக்கும் ஆற்றலை நோக்கியே அனைவரின் கவனமும் திரும்பியதால், அந்தத் தலைவலி பக்க விளைவாக மட்டுமே எண்ணப்பட்டது. உண்மையில், பிற்காலத்தில் இதய மருத்துவத்துக்குக் கிடைத்த முதல் தடயம் அதுதான்.

தம்பியைப் பலிகொண்ட வெடிப்பு

கிரிமியப் போர் 1856இல் முடிந்ததும் ராணுவக் கொள்முதல் நின்றுபோனது. தந்தையின் நிறுவனம் மீண்டும் நொடித்தது. குடும்பம் ஸ்டாக்ஹோம் திரும்பியது. தந்தையும் ஆல்ஃபிரடும் நைட்ரோகிளிசரினைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் முயற்சியில் இறங்கினர். சிறிய முன்வெடிப்பைக் கொண்டு பெரிய வெடிப்பைத் தூண்டும் முறையை 1863 முதல் ஆல்ஃபிரட் உருவாக்கி வளர்த்தார். வெடிதொழில்நுட்பத்தில் அது ஒரு திருப்புமுனை.

1864ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், ஸ்டாக்ஹோமின் ஹெலெனெபோர்க் பகுதியிலிருந்த ஆய்வுக்கூடம் வெடித்துச் சிதறியது. ஆல்ஃபிரடின் தம்பி எமிலும் வேறு சிலரும் அதில் உயிரிழந்தனர். எமிலுக்கு அப்போது 20 வயது. சில வாரங்களில் தந்தை பக்கவாதத்தால் தாக்கப்பட்டுப் படுத்த படுக்கையானார். நகர எல்லைக்குள் இத்தகைய சோதனைகள் தடைசெய்யப்பட்டன. ஆல்ஃபிரட் பின்வாங்கவில்லை. மேலாரன் ஏரியில் நிறுத்தப்பட்ட ஒரு படகில் உற்பத்தியைத் தொடர்ந்தார்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகே கிரூம்மல் என்ற இடத்தில் 1865இல் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. கப்பல்களிலும் கிடங்குகளிலும் நைட்ரோகிளிசரின் வெடித்து உயிர்களைக் குடித்த செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்தன. கிரூம்மல் ஆலையும் தப்பவில்லை. திரவ நிலையே ஆபத்துக்குக் காரணம் என்பதை உணர்ந்த நோபல், நுண்துளைகள் நிறைந்த ஒரு வகை மண்ணில் அதை ஊறவைத்தார். ஒருவகை நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான அந்த மண், தன் எடையைப் போல் மூன்று மடங்கு திரவத்தை உறிஞ்சிக்கொண்டது. கையாளத்தக்க பசை போன்ற அந்தப் பொருளுக்கு 1867இல் டைனமைட் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார்.

சுரங்கங்கள், ரயில் பாதைகள், கால்வாய்கள் எனப் பெரும் கட்டுமானப் பணிகள் அதனால் விரைவடைந்தன. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1882இல் திறக்கப்பட்ட செயின்ட் கோத்தார்ட் ரயில் சுரங்கம் அவற்றுள் ஒன்று. நோபலின் தொழிற்சாலைகள் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவின. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகளின் எண்ணிக்கை 355.

தொழிலாளர்களின் தலைவலி

நைட்ரோகிளிசரின் ஆவியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில நாட்களில் தலை பிளக்கும் வலி வந்தது. பழகிய பின் குறைந்தது. வார விடுமுறை முடிந்து மீண்டும் வேலைக்கு வந்தவுடன் திரும்பவும் தாக்கியது. நோபலும் இந்தத் தலைவலியை நன்கு அறிந்தவர். இளமை முதலே ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்ட அவருக்கு அது கூடுதல் துன்பமாக இருந்தது.

அந்தத் தலைவலிக்குக் காரணம் எளிமையானது. நைட்ரோகிளிசரின் இரத்த நாளங்களின் சுவரிலுள்ள தசையைத் தளர்த்துகிறது. தலைப்பகுதியின் நாளங்கள் விரிவடையும்போது வலி தோன்றுகிறது. சில நாட்கள் தொடர்ந்து உட்சென்றால் உடல் பழகிக்கொள்கிறது. இடைவெளி விட்டால் அந்தப் பழக்கம் நீங்கிவிடுகிறது. தொழிலாளர்கள் வாரந்தோறும் அனுபவித்தது இதையே.

இதே காலத்தில் பிரிட்டனில் வேறு திசையில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எடின்பரோவில் லாடர் பிரண்டன் என்ற இளம் மருத்துவர், அமைல் நைட்ரைட் என்ற ஆவியை முகரச் செய்தால் நெஞ்சு வலி தணிகிறது என்பதை 1867இல் வெளியிட்டார். டைனமைட்டுக்குக் காப்புரிமை கிடைத்த அதே ஆண்டு அது. லண்டனில் வில்லியம் மரெல் என்ற மருத்துவர் நைட்ரோகிளிசரினைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். மிகவும் நீர்த்த கரைசலை நோயாளிகளுக்குக் கொடுத்து, நெஞ்சு வலிக்கு அது ஏற்ற மருந்து என 1879இல் அறிவித்தார். அதன் பின்னர் அது மருத்துவர்களின் கைக்கு வந்தது.

ஏன் பயனளிக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பயனளிக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

தனிமையும் நோயும்

நோபல் திருமணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸில் பெரிய மாளிகை இருந்தும், பெரும்பாலும் ரயில்களிலும் விடுதிகளிலுமே அவர் வாழ்ந்தார். 1876இல் சிறிது காலம் அவரிடம் பணியாற்றிய பெர்த்தா கின்ஸ்கி, பின்னாளில் பெர்த்தா ஃபான் சுட்னர் என்ற பெயரில் உலக அமைதி இயக்கத்தின் முன்னணித் தலைவரானார். இருவருக்குமிடையே கடிதத் தொடர்பு இறுதிவரை நீடித்தது.

மருத்துவ ஆராய்ச்சியிலும் நோபலுக்கு உண்மையான ஆர்வம் இருந்தது. பாரிஸ் அருகே செவ்ரான் என்ற ஊரிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில், ஸ்வீடனைச் சேர்ந்த உடலியங்கியல் ஆய்வாளர் யோஹான்சன் என்பவரை 1890இல் பல மாதங்கள் தங்கச் செய்து, இரத்தம் ஏற்றுதல் குறித்த சோதனைகளுக்கு ஆதரவளித்தார்.

புகையற்ற வெடிமருந்து ஒன்றை இத்தாலிக்கு விற்ற விவகாரத்தில் பிரான்சில் எதிர்ப்பு கிளம்பியது. 1891இல் அவர் இத்தாலியின் சான் ரெமோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டுகளில் நெஞ்சு வலி அவரைத் தொடர்ந்து வருத்தியது.

இதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்பவை கரோனரி தமனிகள். அவற்றின் உட்புறத்தில் கொழுப்புப் படிந்து பாதை குறுகும்போது, உழைப்பு மிகும் நேரத்தில் போதிய இரத்தம் கிடைக்காமல் நெஞ்சு வலிக்கிறது. தமனிச் சுவரின் தசை திடீரென இறுகினால் குறுகிய பாதை மேலும் குறுகும். ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் அதன் வழியே செல்லும் திரவத்தின் அளவு பாதியாக அன்றி, 16இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது இயற்பியல் விதி. ஆகவே சிறிய இறுக்கம்கூட இதயத்துக்குப் பெரிய பட்டினியாக மாறும்.

1896ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸில் மருத்துவர்கள் நோபலைப் பரிசோதித்து நைட்ரோகிளிசரின் மருந்தை எழுதிக் கொடுத்தனர். மருந்துக் கடைக்காரரும் பொதுமக்களும் அஞ்சிவிடக் கூடாது என்பதற்காக அதை டிரைநைட்ரின் என்ற வேறு பெயரில் அழைக்கிறார்கள் என்பதை, தம் உதவியாளர் ராக்னர் சோல்மனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். தமக்கு அந்தப் பொருளே மருந்தாக வந்து சேர்ந்ததை விதியின் விளையாட்டாகவே அவர் கண்டார்.

அந்தப் பொருள் தலைவலியைத் தரும் என்பதை நோபலைவிட நன்கு அறிந்தவர் அன்று எவரும் இலர். அதனாலேயே அது வலியைப் போக்கும் என்பதை அவரால் நம்ப இயலவில்லை. அவர் தீங்கு என எண்ணிய தலைவலியும், மருத்துவர்கள் எதிர்பார்த்த நிவாரணமும் ஒரே செயலின் இரு முகங்கள். தலையில் நாளம் தளர்ந்தால் வலி. இதயத்தில் நாளம் தளர்ந்தால் ஆறுதல். அந்தத் தொடர்பை விளக்கும் அறிவியல் அப்போது பிறந்திருக்கவில்லை.

1896ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் சான் ரெமோவில் மூளை இரத்தக் கசிவால் ஆல்ஃபிரட் நோபல் காலமானார். அப்போது அவருக்கு வயது 63. உறவினர் எவரும் அருகில் இல்லை.

உயிலும் பரிசுகளும்

1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பாரிஸில் கையெழுத்திட்ட உயிலில், தம் சொத்தின் பெரும்பகுதியை மனித குலத்துக்கு நன்மை செய்தோருக்குப் பரிசாக வழங்க அவர் எழுதிவைத்திருந்தார். அந்தத் தொகை 3 கோடியே 10 லட்சம் ஸ்வீடிஷ் குரோனருக்கும் அதிகம். இயற்பியல், வேதியியல், உடலியங்கியல் அல்லது மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகிய ஐந்து துறைகள் குறிக்கப்பட்டிருந்தன. இறந்த பின் தம் இரத்த நாளங்களைத் திறந்து, மரணத்தை மருத்துவர்கள் உறுதிசெய்த பிறகே உடலைத் தகனம் செய்ய வேண்டும் என்ற விருப்பமும் அதில் இருந்தது. உயிரோடு புதைக்கப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம் அவருக்கு நெடுநாளாக இருந்தது.

உறவினர் சிலரின் எதிர்ப்பையும் சட்டச் சிக்கல்களையும் கடந்து, சோல்மன் உள்ளிட்டோரின் முயற்சியால் 1901இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. நோபலின் உயிரை வாட்டிய நோய்க்கான விடைகள் அந்தப் பரிசுப் பட்டியலில் ஒவ்வொன்றாக இடம்பெறத் தொடங்கின. அறுந்த இரத்த நாளங்களை நுண்ணிய ஊசியாலும் நூலாலும் இணைத்துத் தைக்கும் முறைக்காக அலெக்சிஸ் காரெல் 1912இல் பரிசு பெற்றார். இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி ஆராயும் முறைக்காக 1956இல் மூவருக்குப் பரிசு கிடைத்தது. இந்த இரண்டும் பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் அமைத்தன.

மாற்றுப் பாதையும் புதிய சிக்கலும்

நோபல் சிறுவனாக வளர்ந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 20ஆம் நூற்றாண்டில் லெனின்கிராட் என்ற பெயரைப் பெற்றிருந்தது. அங்கு 1964இல் வசிலி கோலெசோவ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், நெஞ்செலும்பின் பின்புறம் ஓடும் உள் மார்புத் தமனியை எடுத்து, அடைபட்ட கரோனரி தமனியுடன் தைத்து இணைத்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ 1967இல் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு பைபாஸ் செய்து, அந்த முறையை உலகெங்கும் பரவச் செய்தார். இந்தியாவில் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையை மேற்கொண்டார்.

காலில் இருந்து எடுக்கும் சிரை நீளமானது, எடுப்பதற்கும் எளிது. ஆனால் அது குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. தமனியின் உயர் அழுத்தத்தில் பொருத்தப்பட்டபின் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் சுவர் தடித்து அடைபடும் வாய்ப்பு அதிகம். தமனியோ அந்த அழுத்தத்துக்கென்றே உருவானது. அதனால் நீண்ட காலம் உழைக்கும். உள் மார்புத் தமனியைப் பொருத்திய நோயாளிகள், சிரை மட்டும் பொருத்தப்பட்டவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதை கிளீவ்லாந்து மருத்துவர்கள் 1986இல் வெளியிட்ட 10 ஆண்டு ஆய்வு காட்டியது.

தமனியைப் பயன்படுத்துவதில் ஓர் ஆபத்தும் இருந்தது. அது உயிருள்ள தசைக் குழாய். தொட்டால், இழுத்தால், குளிர்ந்தால், உலர்ந்தால் சுருங்கிவிடும். பொருத்திய பின்னும் திடீரென இறுகிப் பாதையை மூடிவிடக்கூடும். மருத்துவத்தில் இதைத் தமனி இசிவு என்பர்.

பாரிஸில் அலைன் கார்பென்டியர் 1970களின் தொடக்கத்தில் முன்கையின் ரேடியல் தமனியைப் பைபாஸுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கும் தமனி அதுவே. தொடக்கத்தில் நம்பிக்கை அளித்த முறை, விரைவில் ஏமாற்றமாக முடிந்தது. பொருத்திய தமனிகள் பல இறுகின, பல அடைபட்டன. சில ஆண்டுகளிலேயே அந்த முறை கைவிடப்பட்டது.

ஏன் ஒரு தமனி அதிகம் இறுகுகிறது, மற்றொன்று குறைவாக இறுகுகிறது? விடை அவற்றின் சுவரில் இருக்கிறது. தமனிச் சுவர் மூன்று அடுக்குகள் கொண்டது. நடு அடுக்கில் தசையிழைகள் உள்ளன. அந்தத் தசை அணுக்களுக்குள் கால்சியம் புகும்போது தமனி சுருங்குகிறது. உள் மார்புத் தமனியின் நடு அடுக்கில் மீள்தன்மை கொண்ட இழைகள் மிகுதி, தசை குறைவு. கையின் ரேடியல் தமனியில் தசை அடர்த்தியாகவும் தடிப்பாகவும் உள்ளது. வயிற்றுப் பகுதியின் சில தமனிகளும் எளிதில் இறுகுபவை.

அறுவை சிகிச்சை நேரத்தில் சுருக்கத்தைத் தூண்டும் பொருட்களும் உடலில் பெருகுகின்றன. இரத்தத் தட்டணுக்கள் திராம்பாக்சேன், செரடோனின் ஆகியவற்றை வெளியிடுகின்றன. நரம்பு முனைகளிலிருந்து நார் அட்ரினலின் சுரக்கிறது. தமனியின் உட்படலத்திலிருந்து எண்டோதெலின் என்ற ஆற்றல் மிக்க பொருள் வருகிறது. இவை அனைத்தும் தசையை இறுக்குபவை.

விடை சொன்ன உட்படலம்

இறுக்கத்தைத் தடுக்கும் காவலனும் தமனிக்குள்ளேயே இருக்கிறது என்பதை உலகம் 1980இல் அறிந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளில் சோதனை செய்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருள் சில நேரம் தமனியைத் தளர்த்தியது, சில நேரம் சுருக்கியது. முரண்பாட்டின் காரணத்தைத் தேடியபோது, உட்புறப் படலம் சிதையாத துண்டுகள் மட்டுமே தளர்வதைக் கண்டார். ஒற்றை அணு தடிப்புள்ள அந்தப் படலத்தைத் தேய்த்து அகற்றினால் தளர்வு நின்றுபோனது. படலம் ஏதோ ஒரு செய்தியைத் தசைக்கு அனுப்புகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அதற்கு முன்பே 1977இல் ஃபெரித் முராத், நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுவதையும், அந்த வாயு தசை அணுக்களைத் தளர்த்துவதையும் கண்டறிந்திருந்தார். உட்படலம் அனுப்பும் மர்மச் செய்தியும் அதே நைட்ரிக் ஆக்சைடுதான் என்பதை ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் 1986இல் முன்வைத்தனர். அடுத்த ஆண்டில் அது உறுதிப்பட்டது. மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோபல் மறைந்து 102 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் ஏற்காத மருந்து எப்படிச் செயல்படுகிறது என்பதற்கான விளக்கம், அவர் பெயரிலான பரிசாலேயே சிறப்பிக்கப்பட்டது.

நைட்ரோகிளிசரின் உடலுக்கு அந்நியமான ஒன்றைச் செய்யவில்லை. நலமான தமனி தானே செய்துகொள்ளும் வேலையை, நோயுற்ற தமனிக்காக அது வெளியிலிருந்து செய்து தருகிறது.

அறுவை அரங்கில் மாற்றம்

இந்த அறிவு அறுவை சிகிச்சையின் நடைமுறையை மாற்றியது. முன்பு இறுகிய ரேடியல் தமனியை உலோகக் கம்பியைச் செலுத்தி விரிப்பது வழக்கமாக இருந்தது. அது உட்படலத்தைச் சிதைத்து, தமனி தன்னைத் தளர்த்திக்கொள்ளும் ஆற்றலையே அழித்துவிடுகிறது என்பது புரிந்தது. தற்போது தமனியைச் சுற்றியுள்ள திசுவோடு சேர்த்து, நேரடியாகப் பிடிக்காமல் மென்மையாக எடுக்கின்றனர். எடுத்த தமனியைத் தளர்த்தும் மருந்துக் கரைசலில் வைக்கின்றனர்.

ஓபியத்திலிருந்து 1848இல் பிரிக்கப்பட்ட பாப்பாவரின் நெடுங்காலமாக இதற்குப் பயன்படுகிறது. ஆனால் அதன் அமிலத்தன்மை உட்படலத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் கவனம் தேவைப்படுகிறது. நைட்ரோகிளிசரினையும், கால்சியம் தசைக்குள் புகுவதைத் தடுக்கும் வெரபமில் என்ற மருந்தையும் இணைத்து, இரத்தத்தின் காரத்தன்மைக்கு ஏற்பத் தயாரிக்கும் கரைசலும் பயன்பாட்டில் உள்ளது. நைட்ரோகிளிசரின் உடனடியாகத் தளர்த்துகிறது. வெரபமில் அந்தத் தளர்வை நீண்ட நேரம் நிலைநிறுத்துகிறது.

கைவிடப்பட்ட ரேடியல் தமனிக்கும் மறுவாழ்வு கிடைத்தது. 1970களில் பொருத்தப்பட்டு, அடைபட்டிருக்கும் எனக் கருதப்பட்ட சில தமனிகள் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் திறந்தே இருப்பதைப் பாரிஸ் மருத்துவர்கள் கண்டனர். 1992இல் கிறிஸ்டோஃப் அகார் தலைமையிலான குழு அந்த முறையின் மறுமலர்ச்சியை வெளியிட்டது. காலின் சிரையைவிட ரேடியல் தமனி பொருத்தியவர்களுக்கு அடைப்பும் இதயப் பாதிப்புகளும் குறைவு என்பதை, பல ஆய்வுகளின் தரவுகளை ஒருங்கிணைத்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

எந்தக் கரோனரி தமனியில் பொருத்துகிறோம் என்பதும் முக்கியம். அடைப்பு கடுமையாக இல்லாத தமனியில் பொருத்தினால், பழைய பாதையிலும் இரத்தம் தாராளமாக ஓடும். புதிய பாதைக்கு வேலை குறையும். ஓட்டம் குறைந்த தமனி நூல்போல் சுருங்கிவிடும். ஆகவே கடுமையாக அடைபட்ட தமனிகளுக்கே ரேடியல் தமனியை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் தமனியைத் தளர்த்தும் மாத்திரைகளும் வழங்கப்படுவது வழக்கம்.

நோயாளிகள் அறிய வேண்டியது

நெஞ்சு வலி வரும்போது நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை இந்திய வீடுகளில் பரவலாக அறியப்பட்டது. நைட்ரோகிளிசரினும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் இதற்குத் தரப்படுகின்றன. உட்கார்ந்த நிலையில் எடுத்துக்கொள்வது நல்லது. இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும் என்பதே காரணம். ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாபில் வகை மருந்துகளோடு இதைச் சேர்த்து உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாகும். இரண்டும் ஒரே வழியில் நாளங்களைத் தளர்த்துபவை. நெஞ்சு வலி தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாத்திரை எடுத்தவுடன் தலை வலிக்கிறது என்பதற்காக, மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்திவிடுவோர் இன்றும் உண்டு. அந்தத் தலைவலி பெரும்பாலும் மருந்து வேலை செய்கிறது என்பதன் அறிகுறியே. அளவை மாற்றுவதா, வேறு மருந்து தருவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 1896இல் ஆல்ஃபிரட் நோபலுக்கு அதை விளக்கிச் சொல்லும் அறிவியல் எந்த மருத்துவரிடமும் இருக்கவில்லை. இன்று அது ஒவ்வொரு மருத்துவரிடமும் இருக்கிறது. நோயாளி கேட்க வேண்டியது மட்டுமே மிச்சம்.